முப்பத்திரண்டு வெள்ளைக் கற்கள்

பட்டாசுத் தொழிலில் புதிதாகப் போர்மேன் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு,

ஒருமைப்பாட்டு விழாவில் வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். மன்னியுங்கள், எனக்கு மேடையே பிடிக்காமல் போய்விட்டது. போன தடவை இப்படித்தான் ஒரு மணி நேரம் பேசிவிட்டுக் கீழே இறங்கினேன். விழாவை நடத்தியவர்களில் ஒருவர் காபியைக் கையில் கொடுத்துவிட்டு, ஐயாவுக்குப் பூர்வீகம் எந்த ஊர் என்று கேட்டார். விருதுநகர் என்றேன். விருதுநகரில் எந்தப் பக்கம் என்றார். தெருவைச் சொன்னேன். அந்தத் தெருவில் யார் வீடு என்றார். இந்தியர் எல்லாரும் ஒன்று என்று நான் பேசியதற்குக் கை தட்டிய அதே மனிதர், என் ஜாதியைத் தெரிந்துகொள்ளாமல் என்னை வீட்டுக்கு அனுப்புவதாக இல்லை. நான் கடைசி வரை சொல்லவில்லை. காபி ஆறிப் போனதுதான் மிச்சம்.

அதனால் எழுதியே தந்துவிடுகிறேன். இதிலும் ஜாதிப் பெயர் எதுவும் வராது. வந்தால், நடந்ததை விட்டுவிட்டு இந்த ஆள் யாருக்குப் பரிந்து பேசுகிறான் என்று பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள். மேலத்தெரு, கீழத்தெரு என்று மட்டும் சொல்கிறேன். மேலத்தெருக்காரர்கள் கொஞ்சம் மானாவாரி நிலம் வைத்திருந்தவர்கள். மழை பொய்த்ததும் பட்டாசுக்கு வந்தார்கள். கீழத்தெருக்காரர்கள் அந்த நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். அவர்களும் அதே மழை பொய்த்துத்தான் பட்டாசுக்கு வந்தார்கள். வேலை முடிந்து கை கழுவினால் இரண்டு பேர் கையிலிருந்தும் ஒரே சாம்பல் நிறத் தண்ணீர்தான் ஓடும். இதைச் சொல்லி யாரையும் திருத்த முடியாது என்று எனக்குத் தெரியும். ஐம்பது வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

நான் போர்மேனாக இருந்த கம்பெனி சாத்தூருக்குக் கிழக்கே இருந்தது. பெயர் வேண்டாம். இப்போது அங்கே வேலிக்கருவைதான் இருக்கிறது. ஐம்பதுகளில் நான் சேர்ந்தபோது எனக்கு முப்பது வயது கூட ஆகவில்லை. அப்போதெல்லாம் ஒரு ஷெட்டுக்கு நாலு பேர். யார் எந்த ஷெட்டில் உட்காருவது என்று காலையில் போர்மேன் சொல்வார், அவர்கள் போய் உட்காருவார்கள். இரண்டு தெருக்காரர்களும் கலந்துதான் இருந்தார்கள். பாசத்தில் இருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். தண்ணீர்ப் பானை அப்போதே இரண்டுதான். ஆனாலும் வேலையில் ஒருவருக்கொருவர் பேச வேண்டியிருந்தது. திரி நனைந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால் மற்றவர் திரும்பிப் பார்த்தார்.

அந்த ஐம்பதுகளின் கடைசியில் கிழக்கே ஜாதிக் கலவரம் வந்தது. எங்கள் பக்கம் ஒரு குடிசைகூட எரியவில்லை. செய்தி மட்டும்தான் வந்தது, அதுவும் பஸ்ஸில் வந்தவர்கள் ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னது. அது போதுமாக இருந்தது. மறுநாள் காலையில் கேட்டுக்கு வெளியே இரண்டு கூட்டமாக நின்றார்கள். அவர்களோடு உட்கார மாட்டோம் என்று இவர்களும், இவர்களோடு உட்கார மாட்டோம் என்று அவர்களும் சொன்னார்கள். உள்ளே போன பிறகு ஒரு ஷெட்டில் கைகலப்பு. சுற்றிலும் மருந்துத் தட்டுகள் இருக்க, நடுவில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். நான்தான் போய்ப் பிரித்தேன்.

தீபாவளி சீசன் அது. வடக்கே போகவேண்டிய லோடு காத்துக்கொண்டிருந்தது. மானேஜர் என்னைக் கூப்பிட்டு, சீசன் முடிகிற வரைக்கும் ஒரு சத்தம் வரக் கூடாது, என்ன செய்வாயோ செய் என்றார். அன்று நான் செய்ததுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். ஆளைப் பிரித்துப் போட்டேன். மேற்கே இருந்த ஷெட்டுகள் எல்லாம் மேலத்தெருவுக்கு, கிழக்கே இருந்தவை கீழத்தெருவுக்கு. நடுவில் ஒரு வரிசைக் கல் நட்டேன். முப்பத்திரண்டு கல். ஆபீஸ் சுவருக்கு அடித்தது போக மிச்சமிருந்த சுண்ணாம்பை அவற்றுக்கு அடித்தேன். எவரும் கல்லைத் தாண்டக் கூடாது, அந்தப் பக்கத்தில் எது நடந்தாலும் என்னிடம்தான் வந்து சொல்ல வேண்டும் என்று ஒரு விதியும் போட்டேன்.

ஒரு வாரத்தில் சத்தம் அடங்கிவிட்டது. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. சர்க்காரிலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரி ஒருவர் அந்த வெள்ளைக் கல் வரிசையைப் பார்த்துவிட்டு, ஷெட்டுகளுக்கு நடுவே பாதுகாப்புக்காக விடவேண்டிய இடைவெளியை இவ்வளவு சுத்தமாகக் குறித்து வைத்திருக்கும் கம்பெனியை நான் பார்த்ததில்லை என்று பாராட்டினார். மற்ற கம்பெனிகளிலும் சொல்கிறேன் என்றார். அவரைத் திருத்தியிருக்க வேண்டும். மானேஜர் என்னைப் பார்த்தார், நான் மானேஜரைப் பார்த்தேன், இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

சீசன் முடிந்ததும் கல்லை எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். சீசன் முடிந்தது. பொங்கலுக்கு முந்தின நாள் பார்க்கிறேன், கற்களுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. நான் சொல்லவில்லை. மேற்குப் பக்கத்தை மேலத்தெருக்காரர்களும் கிழக்குப் பக்கத்தைக் கீழத்தெருக்காரர்களும் அவர்களாகவே அடித்திருந்தார்கள். தீ வாளியில் மணல் நிரப்புங்கள் என்று மூன்று தடவை தொண்டை கிழியக் கத்தினால்தான் ஒருவர் எழுந்திருப்பார். இந்தக் கல்லுக்கு மட்டும் வருஷா வருஷம் யாரும் சொல்லாமலே சுண்ணாம்பு வந்தது. கோபம் வந்தது. ஆனால் சத்தம் இல்லையே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். உங்களில் பாதிப் பேர் இதையேதான் செய்வீர்கள்.

இனி இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் சீனிச்சாமி, மேலத்தெரு. மருந்து கலக்குவதில் அந்த வட்டாரத்திலேயே அவருக்கு மேல் கை கிடையாது. இன்னொருவர் ராமுத்தாய், கீழத்தெரு. மல்லாங்கிணறு பக்கத்தில் பிறந்து எங்கள் பக்கம் கட்டிக்கொடுக்கப்பட்டவர். காய வைக்கிற மேடையில் வேலை. இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் அவரை அண்ணாச்சி என்பேன், இவரை ஏ ராமுத்தாயி என்பேன். அதில் தப்பு இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒருநாள் வெளியிலிருந்து ஒரு வெள்ளாடு உள்ளே புகுந்து, மேலத்தெருப் பக்கத்தில் காய வைக்கிற மேடையில் ஏறி மத்தாப்புகளை மிதித்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் யாரும் இல்லை. ராமுத்தாய் பார்த்துவிட்டு, கல்லைத் தாண்டி ஓடிப்போய் ஆட்டை விரட்டிவிட்டார். சாயந்தரம் மேலத்தெருவிலிருந்து ஐந்து பேர் என்னிடம் வந்தார்கள். ஆடு ஏறியது பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பெண் எங்கள் மேடையில் எப்படிக் கால் வைக்கலாம் என்று கேட்டார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? விதி விதிதான் என்று சொல்லி ராமுத்தாயை மூன்று நாள் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டேன். ஆட்டை விரட்டியதற்குத் தண்டனை. எழுதும்போதே என் மேல் எரிச்சலாக வருகிறது.

பிறகு சீனாக்காரன் எல்லை தாண்டி வந்தான். உங்களுக்கு அது பாடப் புத்தகம். எங்களுக்கு அப்படி இல்லை. கம்பெனியில் ஒரு ரேடியோ இருந்தது. சாப்பாட்டு வேளையில் மானேஜர் அதை ஜன்னலில் தூக்கி வைப்பார், எல்லாரும் வந்து நின்று கேட்பார்கள். பனியில் நம் சிப்பாய்கள் செருப்பு இல்லாமல் நிற்கிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பெண்கள் அழுதார்கள். ஒருநாள் எல்லாரையும் கூட்டி உறுதிமொழி எடுத்தோம். ஜாதி, மதம், மொழி பார்க்காமல் ஒரே தாய் மக்களாக நிற்போம் என்று நான்தான் வாசித்தேன். முந்நூறு பேரும் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லவில்லை. அவர்கள் கல்லுக்கு இந்தப் பக்கம் பாதியும் அந்தப் பக்கம் பாதியுமாக நின்றுதான் அதைச் சொன்னார்கள் என்பது வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்தச் சமயத்தில் மதுரையில் ஒரு பெரிய பொதுக்கூட்டத்துக்கு மூவர்ண வாணம் வேண்டும் என்று ஆர்டர் வந்தது. மானேஜருக்குத் தேசபக்தியும் அவசரமும் சேர்ந்துகொண்டன. ஐப்பசி அடைமழை. இரண்டு நாள் வேலையே நடக்கவில்லை. வெள்ளை நிறத்துக்காகச் சீனிச்சாமி கலந்து வைத்த மருந்து ஷெட்டிலேயே தங்கிவிட்டது. மழை நேரத்தில் அந்த மருந்தை வைத்திருக்கக் கூடாது. ஈரம் பட்டால் தானாகவே சூடேறும். அதை நான் அன்றே எடுத்து அழிக்கச் சொல்லியிருக்க வேண்டும். மூடித்தானே இருக்கிறது, நாளைக்கு வெயில் வந்துவிடும் என்று விட்டேன். இது என் தப்பு. இதை யார் மேலும் போட முடியாது.

மூன்றாம் நாள் வெயில் அடித்தது. மதியம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மேலத்தெருக்காரர்கள் வேப்பமரத்தடியில், கீழத்தெருக்காரர்கள் அவர்கள் பக்கத்துக் கொட்டகையில். நான் ஆபீசில் இருந்தேன். இனிச் சொல்வது அங்கே இருந்தவர்கள் பிறகு சொல்லி எனக்குத் தெரிந்தது. ராமுத்தாய் கல் வரிசையை ஒட்டித் தண்ணீருக்குப் போயிருக்கிறார். மேற்குக் காற்றில் ஒரு நெடி வந்திருக்கிறது, மூத்திர நெடி மாதிரி. அந்த மருந்து உள்ளுக்குள் சூடேறினால் அந்த நெடிதான் வரும். அவர் நின்று மோந்து பார்த்துவிட்டு, கல்லுக்குத் தன் பக்கம் நின்றபடியே மரத்தடியைப் பார்த்துக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்.

"ஒங்க ஷெட்டுல மூத்திர நெடி அடிக்கு. யாரும் உள்ள போயிராதீக."

அவர் சொன்னதில் ஏதாவது குற்றம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இதைவிடத் தெளிவாக ஒரு போர்மேன்கூடச் சொல்ல முடியாது. ஆனால் மரத்தடியில் இருந்தவர்கள் காதில் அது மருந்தைப் பற்றிய பேச்சாக விழவில்லை. கீழத்தெருக்காரி ஒருத்தி எங்கள் இடம் நாறுகிறது என்று சொல்கிறாள் என்றுதான் விழுந்தது. ஒரு பெண் சோற்றுக் கையோடு எழுந்து வந்து, யாரைப் பார்த்து நாறுகிறது என்கிறாய் என்று கேட்டார். கீழத்தெருப் பக்கத்திலிருந்து அதற்கு ஒரு பதில் போனது. அவ்வளவுதான், இரண்டு பக்கமும் எழுந்து கல்லை நோக்கி வந்துவிட்டது.

சத்தம் கேட்டு நான் ஓடினேன். கல் வரிசையின் இரு புறமும் நெருக்கியடித்துக்கொண்டு நின்று கத்தினார்கள். பிறப்பு, வளர்ப்பு, பாட்டன் முப்பாட்டன் எல்லாம் வெளியே வந்தது. நாலு நாள் முன்னால் ஒரே தாய் மக்கள் என்று சொன்ன அதே வாய்கள். இவ்வளவு ஆத்திரத்திலும் ஒருவர் கால்கூடக் கல்லைத் தாண்டவில்லை. என் விதி அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

ராமுத்தாய் கல்லின் மேலேயே ஏறிவிடுகிறவர் போல நின்று, ஐயா, நெடி, நெடி என்று என்னிடம் ஏதோ சொல்ல வந்தார். நான் கேட்டேனா? இல்லை. முதலில் கல்லுக்கு அந்தப் பக்கம் தள்ளிப் போ என்று அதட்டினேன். ஐந்து வருஷப் பழக்கம், வாய் தானாக அதைத்தான் சொன்னது. அவர் ஒரு அடி பின்னால் போனார். அப்போதுதான் காற்று திரும்பி எனக்கும் அந்த நெடி வந்தது.

திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் சண்டைக்கு வந்திருக்க, சீனிச்சாமி மட்டும் ஷெட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். நான் கத்தியது அவருக்குக் கேட்டதோ என்னவோ, நிற்கவில்லை. உள்ளே போனார். ஒரு பெரிய வெளிச்சம், அதற்குப் பிறகு சத்தம். கூரை ஓடுகள் மரத்தடி வரைக்கும் வந்து விழுந்தன. சாப்பிட்டுக்கொண்டிருந்த இலைகள் மேலேயே விழுந்தன. சண்டைக்கு எழுந்து வந்ததால் அங்கே ஒருவரும் இல்லை. இருபது பேர் சண்டையால் பிழைத்தார்கள் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

சீனிச்சாமி வெளியே வந்தார். சட்டை எரிந்துகொண்டிருந்தது, கைகளைப் பார்க்க முடியவில்லை. மேலத்தெருக்காரர்கள் திகைத்து நின்றார்கள். கல்லை முதலில் தாண்டியது ராமுத்தாய். தண்ணீர்த் தொட்டியில் நனைத்த சாக்கை எடுத்துக்கொண்டு ஓடி, அவர் மேல் போர்த்தித் தரையில் தள்ளினார். பின்னாலேயே இரண்டு தெருவும் ஓடியது. அந்தப் பத்து நிமிஷம் கல் யார் கண்ணிலும் படவில்லை. லாரியில் ஏற்றி விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கதையை நானும் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருப்பேன். லாரி கண்ணை விட்டு மறைவதற்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது. வெடிப்பதற்கு முன்னாலேயே அவளுக்கு எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டார். செய்தவளுக்குத்தானே தெரியும் என்று இன்னொருவர் பதில் சொன்னார். சாக்கைத் தயாராக நனைத்து வைத்திருந்தாளே என்று மூன்றாமவர். பொழுது சாய்வதற்குள் மேலத்தெரு முழுவதற்கும் அது முடிவாகிவிட்டது. கீழத்தெருவில் என்ன பேசினார்கள் தெரியுமா? அவள் எதற்கு வாயைத் திறந்தாள், எதற்குக் கல்லைத் தாண்டினாள், அவர்கள் எக்கேடு கெட்டால் நமக்கென்ன என்று ராமுத்தாயை அவருடைய ஆட்களே ஏசினார்கள். அந்த அம்மா இரண்டு பக்கத்துக்கும் ஆகாதவராகி ஆபீஸ் வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

மானேஜர் என்னை உள்ளே கூப்பிட்டார். மறுநாள் போலீசும் சர்க்கார் அதிகாரிகளும் வருவார்கள், போர்மேன் கைப்பட ஒரு அறிக்கை வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, யுத்த காலம், தேச ஒற்றுமைக்கான ஆர்டர், இதில் யாரோ நாச வேலை செய்திருக்கலாம் என்று எழுதினால் கம்பெனி தப்பிக்கும், நீயும் தப்பிப்பாய் என்றார். அந்தப் பெண் முன்கூட்டியே சொன்னதை மட்டும் எழுது, மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார். ஒரே தாய் மக்கள் என்று உறுதிமொழி சொன்ன பெண்ணைச் சீனாக்காரனின் ஆளாக்குவதற்கு எங்களுக்கு நாலு நாள் போதுமாக இருந்தது.

எனக்கும் குடும்பம் இருந்தது. எழுதிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்ததை மறைக்க மாட்டேன். வெளியே வந்து ராமுத்தாயிடம் கேட்டேன், அந்த நெடிக்கு அர்த்தம் உனக்கு எப்படித் தெரியும் என்று.

"சீனிச்சாமி ஐயாதான் சொல்லித் தந்தாக. கல்லு வைக்கதுக்கு முந்தி, அவுக ஷெட்டுலதான நானும் இருந்தேன். இந்த நெடி வந்தா எதையும் எடுக்காத, ஓடிருன்னு சொன்னாக."

தெரிந்தும் ஏன் தாண்டிப் போய் ஆளை நிறுத்தவில்லை, ஏன் நின்ற இடத்திலிருந்தே கத்தினாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீங்கதான ஐயா ஆட்டை வெரட்டுனதுக்கு மூணு நாள் வீட்டுக்கு அனுப்புனீக."

அதில் குத்தல் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். நான் அன்று இரவு தூங்கவில்லை.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீனிச்சாமிக்கு நினைவு இருந்தது. கை இரண்டும் கட்டுப் போட்டிருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்தக் கை அதற்குப் பிறகு ஒரு தட்டைக்கூடத் தூக்கவில்லை. ராமுத்தாய் மேல் பழி வந்திருக்கிறது என்று சொன்னேன். நெடி பற்றி அந்த அம்மாவுக்கு நீங்கள் சொல்லிக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையை ஆட்டினார். அந்த அம்மா கத்தியது காதில் விழவில்லையா என்றேன்.

"விழுந்துச்சு அண்ணாச்சி. அவ சொல்லுததுக்கு முந்தியே எனக்கும் லேசா நெடி வந்துச்சு. எந்திரிக்கணும்னு நெனைக்கும்போதுதான் அவ சத்தம் போட்டா. எல்லாரும் என்னையப் பாத்தாக. அவ சொல்லி நான் வெளிய நிக்கிறதா? ஒண்ணுமில்லன்னு காட்டுவோம்னு உள்ள போனேன்."

அந்த மருந்தைப் பற்றி அந்த மனிதருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. மூக்கும் சொன்னது, தான் கற்றுக்கொடுத்த ஆளும் சொன்னது. அத்தனையும் தெரிந்துதான் உள்ளே போயிருக்கிறார். கிளம்பும்போது, இதை எழுதிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். ஊரில் சிரிப்பார்கள், மறந்துபோய் உள்ளே போய்விட்டேன் என்று எழுதுங்கள் என்றார். வெந்துபோன கையைவிட அதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில், ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் வாசலில் நின்று தனியாகத் திட்டிக்கொண்டிருந்தேன். அவரைத் திட்டினேனா, என்னைத் திட்டினேனா என்று இன்றைக்கும் தெரியாது.

எழுதிவிட்டேன், எல்லாவற்றையும். மழையில் மருந்தை அழிக்காமல் விட்டது நான் என்று எழுதினேன். கல் வைத்தது நான், ஆட்டை விரட்டியதற்குத் தண்டித்தது நான், எச்சரித்தவரைத் தள்ளிப் போ என்றது நான் என்று எழுதினேன். சீனிச்சாமி சொன்னதையும் ஒரு எழுத்து விடாமல் எழுதினேன். அதிகாரி படித்துவிட்டு, அந்தக் கல் இடைவெளிக்காக வைத்தது இல்லையா என்று கேட்டார். பாராட்டிவிட்டுப் போன அதே அதிகாரிதான். இல்லை ஐயா என்றேன். ராமுத்தாயைப் போலீஸ் விட்டுவிட்டது. மேலத்தெரு என்னைக் கீழத்தெருவுக்கு விலைபோனவன் என்றது. கீழத்தெரு என்னை அந்தக் கல்லை வைத்தவன் என்றது, அது உண்மைதான். சீனிச்சாமி அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. கம்பெனி என்னை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னது. ராமுத்தாய் சாத்தூரில் ஒரு தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட்டார்.

போவதற்கு முன்னால் நானே கடப்பாரை எடுத்து முப்பத்திரண்டு கல்லையும் பெயர்த்துப் பள்ளத்தில் போட்டேன். யாரும் தடுக்கவில்லை, யாரும் கை கொடுக்கவும் இல்லை. பத்து நாள் கழித்துச் செய்தி வந்தது. கல்லைத் திரும்பவும் நட்டுவிட்டார்களாம். இரண்டு தெருவும் சேர்ந்து நட்டிருக்கிறது. அந்தக் கம்பெனியில் அவர்கள் சேர்ந்து செய்த ஒரே வேலை அதுவாகத்தான் இருக்கும்.

நீங்கள் விழாவுக்கு வைத்திருக்கும் தலைப்பு தேச ஒற்றுமை ஏன் எளிதில் உடைகிறது என்பது. என்னைக் கேட்டால் எல்லையில் ஒருவன் அடிக்க வரும்போது ஒன்றாக நிற்பதில் சிரமம் எதுவும் இல்லை, ரேடியோ இருந்தால் போதும். சண்டை இல்லாத ஒரு மதியத்தில், சோறு தின்றுகொண்டிருக்கும்போது, அடுத்த தெருக்காரி ஒருத்தி ஆபத்து என்று சொன்னால் இலையை விட்டு எழுந்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி. உறுதிமொழி வாசித்த நானே எழுந்திருக்கவில்லை. அதனாலும்தான் எனக்கு மேடை ஆகாமல் போனது.

நாலு மாதம் கழித்து அச்சங்குளம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. முதல் நாள் முதலாளி என்னைக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டினார். நல்ல மனிதர், சுத்தமான கம்பெனி, வாளியில் எல்லாம் மணல் இருந்தது. ஷெட்டுகளுக்கு நடுவே வந்ததும் நான் நின்றுவிட்டேன். தரையில் ஒரு வரிசை வெள்ளைக் கல். அவர் பெருமையாகச் சொன்னார், சாத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் இப்படி வைத்து ஐந்து வருஷம் சத்தமே இல்லாமல் ஓட்டினார்களாம், அதைக் கேள்விப்பட்டு நாமும் வைத்துவிட்டோம் என்று. பிறகு என் தோளில் கையைப் போட்டார்.

"ஆமா, ஒங்களுக்கு எந்த ஊரு, எந்தத் தெருன்னு சொல்லவே இல்லையே? மேசைய எந்தப் பக்கம் போடச் சொல்ல?"

கடப்பாரை எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.